தேடுவதைக் கைவிட்ட நாள்

நவம்பர் 23, ஞாயிறு

மூன்றாம் நாளாக மழை. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். மாதா கோயில் பூசைக்குப் போகவில்லை. பள்ளிக்கூடம் நாளையும் கிடையாது. பத்தாம் வகுப்புக் கணக்குத் தாள் நாற்பத்திரண்டு, கட்டுப் பிரிக்காமலே கிடக்கிறது.

செய்தவை: அரிசி மூட்டை கட்டில் மேல். ஃப்ரிட்ஜுக்குக் கீழே நாலு செங்கல். அப்பாவின் மாத்திரைகள் பிஸ்கட் டப்பாவில்.

செங்கல் தூக்க மாடியிலிருந்து ஹன்னா வந்தாள். பம்பாய்ப் பெண். முப்பத்தெட்டு வயது, ரசாயன ஃபேக்டரியில் இன்ஜினியர், தனியாள். யூதர். எனக்குத் தெரிந்து இந்த ஊரில் இவள் ஒருத்திதான். வாடகைக்கு வந்து இரண்டு வருஷம். வந்த அன்றே, வாசல் நிலையில் ஒரு சின்னக் குழல் அடித்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். உள்ளே தோலில் எழுதிய வேத வசனம். போகும்போதும் வரும்போதும் தொட்டு விரலை முத்தமிடுகிறாள். பால் பாத்திரம் தனி, கறிப் பாத்திரம் தனி. மீனில் செதிலும் துடுப்பும் இருந்தால்தான் தொடுவாள். முதல் மாசம் அப்பா ஆசையாகச் சிங்கி இறால் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு முழித்தார். இப்போது ஏலக்கூடத்தில் அவரே தரம் பிரிக்கிறார்: "விளமீன் அவளுக்கு ஆவும். திருக்கை ஆவாது."

இத்தனை சட்டத்தோடு ஒரு மனுஷி எப்படி மூச்சு விடுகிறாள் என்று நினைத்ததுண்டு.

தம்பி லியோனின் படத்தையும் மேலே ஏற்றி மாட்டச் சொன்னார் அப்பா. லியோன் சங்கு குளிக்கிறவன். மூன்று வருஷத்துக்கு முன் கடலடிப் பாறைத் திட்டு ஒன்றில், பாரில், இறங்கினவன் ஏறவில்லை. உடல் கிடைக்கவில்லை. அடக்கமும் இல்லை, பூசையும் இல்லை. வருஷம் திரும்பியபோது பங்குச்சாமி வந்து மெதுவாகக் கேட்டார். அப்பா, "எம் மவன் வருவான் சாமி" என்றார். தம்பி பெண்டாட்டி லிடியா பக்கத்தில்தான் நின்றாள். அதற்குப் பிறகு யாரும் கேட்டதில்லை.

நவம்பர் 24, திங்கள்

காலை ஒன்பதரை. மாடிப்படியில் ஹன்னா, கையில் போன். "அக்கா, எங்க அப்பா போயிட்டாங்க."

தூக்கத்திலேயே. எழுபத்தாறு வயது. விமான நிலையம் மூடியிருக்கிறது. ரயில் இல்லை. பாளையங்கோட்டை ரோட்டைத் தண்ணீர் அறுத்துவிட்டது. நான் எல்லாருக்கும் போன் போட்டேன். அவள் போடவில்லை. படியில் உட்கார்ந்து பம்பாயிலிருக்கும் தன் தம்பியிடம் அவர்கள் பாஷையில் ஒரே வாக்கியம் பேசினாள். பிறகு கேட்டதற்கு அர்த்தம் சொன்னாள்: எனக்காகக் காத்திருக்காதே, இன்றே அடக்கம் பண்ணு.

இறந்தவரைக் காக்க வைக்கக் கூடாதாம். மகள் முகம் பார்ப்பதைவிட அவரை மண்ணில் சேர்ப்பது முதலாம். நானாக இருந்தால் ஐஸ் பெட்டியில் நாலு நாள் வைக்கச் சொல்லியிருப்பேன்.

நாலு மணிக்கு மொட்டைமாடி. அங்கேதான் டவர் கிடைக்கிறது. நான் குடை பிடித்தேன். போனில் படம் வரவில்லை, சத்தம் மட்டும். மண்வெட்டி. மண் விழும் ஓசை. திரும்பத் திரும்ப. அப்புறம் ஆண்கள் சேர்ந்து ஒரு ஜெபம். பத்து ஆண்கள் இருந்தால்தான் அதைச் சொல்லலாமாம். நடுநடுவே ஹன்னா "ஆமேன்" என்றாள். எங்கள் ஆமென்தான். ஆயிரக்கணக்கான வருஷமாக அது அவர்களுடையது என்பது இன்றுதான் மண்டையில் உறைத்தது. அந்த ஜெபத்தில் சாவைப் பற்றி ஒரு சொல்கூட இல்லையாம். முழுக்கக் கடவுளின் புகழ். அப்பாவைப் புதைத்த குழியின் விளிம்பில் நின்றுகொண்டு.

மொட்டைமாடியிலிருந்து அவள் வீட்டுக்கு இறங்கியதும், "கத்தரி இருக்கா அக்கா?"

இடது பக்கம், நெஞ்சுக்கு மேலே, கழுத்துப் பட்டியில் நான் சின்னதாக வெட்டிக் கொடுக்க வேண்டும். மீதியை அவள் கிழிப்பாள். நின்றுகொண்டுதான். உட்கார்ந்து கிழித்தால் செல்லாது. கத்தரி ஒரு தரம் வழுக்கியது. அவள் "உண்மையான நீதிபதி" என்று கடவுளைப் புகழ்ந்து ஒரு வரி சொல்லிவிட்டு, இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். நாலு விரல் அளவு. பருத்தித் துணி கிழிகிற சத்தம் அவ்வளவு பெரிதா? கீழே அப்பா தலை தூக்கிப் பார்த்தாராம்.

மற்ற உறவுக்குக் கிழித்ததைப் பிறகு தைத்துக்கொள்ளலாம். அப்பா அம்மாவுக்குக் கிழித்ததை ஒரு நாளும் ஒழுங்காகத் தைக்கக் கூடாது.

அடக்கத்துக்குப் பிறகு முதல் சாப்பாடு அவள் பொருளாக இருக்கக் கூடாது. அக்கம்பக்கம் கொடுக்க வேண்டும். முட்டை நல்லது. ஆனால் என் சட்டியில் அவித்தால் அவள் சாப்பிட முடியாது. பம்பாயில் அவர்கள் மதப் பெரியவருக்குப் போன். தீர்ப்பு: முட்டை எங்களுடையது, சட்டி அவளுடையது, அடுப்பில் வைக்க வேண்டியது அவள் கை. அப்பாவே நாலு முட்டை எடுத்துக்கொடுத்தார். தலை தொங்க, அடுப்பு முன்னால் அவள் நின்ற நிற்பு.

நவம்பர் 25, செவ்வாய்

மழை விட்டு விட்டு. கரண்ட் இல்லை.

மறக்காமல் இருக்க, ஹன்னா சொன்னவை. ஏழு நாள்:
தரையில் அல்லது தாழ்ந்த பலகையில் இருப்பு.
தோல் செருப்பு கிடையாது.
கண்ணாடிகளை மூட வேண்டும். (என் பழைய பச்சைச் சேலை கொடுத்தேன்.)
சுகத்துக்காகக் குளியல் இல்லை, வேலை இல்லை, வேதப் படிப்பும் இல்லை. படிப்பது சந்தோஷமாம்! துக்கச் சட்டம் மட்டும் படிக்கலாம்.
கதவு திறந்தே இருக்கும். வருகிறவர் தட்டக் கூடாது. வணக்கம் சொல்லக் கூடாது. அவள் வாய் திறக்கும்வரை வந்தவர் பேசக் கூடாது.

கடைசியைத்தான் நினைத்துக்கொண்டே இருக்கிறேன். துக்க வீட்டில் நாம் என்னவெல்லாம் உளறுகிறோம். 'விதி', 'நல்ல சாவு', 'எதாச்சும் சாப்பிட்டியா'. அந்த வாய்களை எல்லாம் ஒரே சட்டத்தால் கட்டிப்போட்டு, பேசும் உரிமையை அழுகிறவள் கையில் கொடுத்திருக்கிறார்கள். யார் யோசித்திருப்பார்கள்? அவரும் எவ்வளவு அழுதிருப்பார்?

இங்கே பத்து யூத ஆண்கள் இல்லை. அதனால் ஜெபம் பம்பாயில் அவள் தம்பி பங்கு. காலையிலும் சாயங்காலமும் போனில் ஆமேன்.

அப்பா மூன்று தரம் கேட்டார்: "ஏளா ஜெசி, மேல புள்ள சாப்பிட்டாளா?" வாழைப்பழம், இளநீர். அதற்குச் சட்டச் சிக்கல் இல்லை.

நவம்பர் 26, புதன்

தண்ணீர் கணுக்காலுக்கு இறங்கியது.

தெருப் பெண்கள் ஐந்து பேரைக் கூட்டிக்கொண்டு மாடிக்குப் போனேன். படியிலேயே பாடம் நடத்தினேன்: பேசக் கூடாது, கட்டிப்பிடித்து அழக் கூடாது.
"அழாம எதுக்குளா போவணும்?"
"சும்மா இருந்துட்டு வாரதுக்கு."
"சும்மாவா?"

உட்கார்ந்தோம். கடற்கரைப் பெண்கள், எட்டு வீட்டுக்குக் கேட்கிற தொண்டைகள். முதல் ஐந்து நிமிஷம் முந்தானையைக் கசக்கினார்கள். பத்தாவது நிமிஷம் ஒருத்தி சத்தமில்லாமல் அழ ஆரம்பித்தாள், அவள் தன் அம்மாவுக்காக என்று பின்னால் சொன்னாள். இருபது நிமிஷம் போயிருக்கும். ஹன்னா நிமிர்ந்து, "எங்க அப்பா வாட்ச் ரிப்பேர் பண்ணுவாங்க" என்றாள். அவ்வளவுதான், எல்லாரும் அவளைப் பேச விட்டுக் கேட்டார்கள். புறப்படும்போது சொல்ல வேண்டியதைக் கற்றுக்கொடுத்தாள்: வானத்திலிருந்து உங்களுக்கு ஆறுதல் வரட்டும். ஐந்து பேரும் ஒவ்வொருத்தராகச் சொன்னார்கள். கோயிலில்கூட இவர்கள் இப்படி நின்று நான் பார்த்ததில்லை.

மத்தியானம் லிடியா வந்தாள். இரண்டு தெரு தள்ளி, அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள்; மருந்துக் கடையில் வேலை. முப்பத்தோரு வயது. சேலைக் கரை நனைய வந்தவள் கீழே நிற்காமல் நேரே மாடிக்குப் போனாள். பின்னால் போனேன். நெடுநேரம் சும்மா இருந்தாள். ஹன்னாவே பேசினாள்: "உங்க ஹஸ்பெண்ட் பத்தி அக்கா சொல்லியிருக்காங்க."

லிடியா தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "ஒடம்பு கிடைக்காட்டா ஒங்க சட்டத்துல எப்பலேருந்து எண்ணுவீங்க?"

ஹன்னா பக்கத்திலிருந்த துக்கச் சட்டப் புத்தகத்தைப் புரட்டினாள். அது மட்டும்தான் இந்த வாரம் அவள் படிக்கலாம். விரல் வைத்து இரண்டு தரம் வாசித்துவிட்டு நிதானமாகத் தமிழில் சொன்னாள்:

"கடல்ல போனவங்க, உடம்பு கிடைக்கல. வீட்டுக்காரங்க தேடி, இனிமே கிடைக்காதுன்னு கைவிட்ட நாள். அன்னைக்குத்தான் ஒண்ணாம் நாள்."

லிடியா நிமிர்ந்தாள். "யார் கைவிட்ட நாளு?"

"அவங்கவங்க."

இதையும் சொன்னாள், மறைக்கவில்லை: மறுமணம் என்று வந்தால் தங்கள் சட்டம் மனைவிக்குக் கொடுமையானது, கரை தெரியாத தண்ணீரில் போனவன் பெண்டாட்டி சாட்சி கிடைக்கும்வரை கட்டுண்டவள்தான். அதை நினைத்தால் தனக்கே கோபம் வரும் என்றாள்.

லிடியாவுக்கு அது காதில் விழுந்ததோ என்னவோ. "ஒம்பதாம் நாளு," என்றாள். "தேடப் போன மத்த போட்டெல்லாம் வெறுங்கையா கரைக்கு வந்துச்சுல்ல, அன்னைக்கு. என் நெஞ்சுக்குத் தெரிஞ்சுட்டு. ஆனா மாமா நம்பிக்கிட்டு இருக்காவ. நா அழுதா அவுக மவனக் கொன்னதா ஆவும். மூணு வருசமா கலர் சேலையும் பொட்டுமா திரியுதேன் மதினி."

அவள் போன பிறகு அடுக்களையில் நின்றுகொண்டிருந்தேன். நான் எப்போது கைவிட்டேன்? மூன்றாம் நாள். காற்றுக் கணக்கு, நீரோட்டக் கணக்கு எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டேன். கணக்கு வாத்தியார் புத்தி. அந்த வெட்கத்தில் இதுவரை அழவில்லை.

நவம்பர் 27, வியாழன்

வெயில் எட்டிப் பார்த்தது. கரண்ட் வந்தது. தாள் பதினாறு திருத்தினேன். ஒருத்தி எக்ஸைக் கண்டுபிடிக்காமலே விடை எழுதியிருக்கிறாள், சரியாகவும் இருக்கிறது.

"லிடியா எதுக்கு மேல போனா?" அப்பா. சாப்பாட்டுத் தட்டு முன்னால்.

பொய் சொல்ல நினைத்தேன். உண்மையையே சொல்லிவிட்டேன். கைவிட்ட நாள் சட்டம், ஒன்பதாம் நாள், கலர் சேலை, எல்லாம். சத்தம் போடுவார் என்று காத்திருந்தேன். தட்டில் தண்ணீரை ஊற்றிக் கை கழுவினார். எழுந்து போய் வாசலில் நின்றார். சேறு தள்ளிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அண்ணாச்சியோடு பம்ப் செட் பற்றிப் பேசினார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

நவம்பர் 28, வெள்ளி

கை ஓய்வதற்குள் எழுத வேண்டும்.

பத்து மணிக்கு அப்பா மாடி ஏறினார். முட்டி வலியோடு சுவரைப் பிடித்துக்கொண்டு. வாசலில் செருப்பைக் கழற்றினார். ஹன்னாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். நான் வெளியே நின்றேன். கதவு திறந்துதான் இருக்குமே.

வாய் திறக்கவில்லை. சட்டம் அவருக்கும் தெரியும். தெருவில் மோட்டார் தண்ணீர் இறைக்கும் சத்தம். கால் மணி நேரம்.

"அங்கிள்," என்றாள் ஹன்னா. "லியோன் பத்திச் சொல்லுங்க."

"அவனுக்கு மூச்சு சாஸ்தி உண்டு," என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். பிறகு, "சாஸ்தி... இருந்துச்சு" என்றார்.

இருந்துச்சு. மூன்று வருஷத்தில் லியோனைப் பற்றி அப்பா அப்படிச் சொல்லி இன்றுதான் கேட்கிறேன். படிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"நாப்பது நாளு போனேன், தாயி. மத்தவம்லாம் நிறுத்துன பொறவும் நா ஒத்தையாப் போனேன். நாப்பதாம் நாளு அந்தப் பார்ல இஞ்சின நிறுத்திட்டு இருந்தேன். தண்ணி பளிங்கு மாரி கெடந்துச்சு. அடி தெரிஞ்சுச்சு. அங்கன ஒண்ணுமில்ல. சரிடேன்னு சொல்லிட்டு வந்துட்டேன். கரைல லிடியா புள்ள நின்னா. மொகத்தப் பாத்தேன். நம்பிக்கிட்டு நிக்கா. நா எப்படிச் சொல்ல? அதான் சாமி கேட்டப்ப வருவான்னு சொன்னேன். அவளுக்காவத்தான் சொன்னேன்."

ஆக, இவர் அவளுக்காக. அவள் இவருக்காக. நடுவில் நான், இருவருக்கும் சோறு போட்டுக்கொண்டு.

அப்பா கேட்டார்: "மூணு வருசம் கழிச்சு என்ன செய்ய? ஏழு நாளு இருக்கணுமா?"

"இது எங்க ஆட்களுக்குள்ள சட்டம் அங்கிள். உங்களுக்குக் கட்டாயம் இல்ல."

"சொல்லு."

"சாவுச் செய்தி முப்பது நாள் தாண்டி வந்து சேந்தா, ஏழு நாள் கிடையாது. ஒரு மணி நேரம் போதும். தரையில, செருப்பு இல்லாம."

"ஒரு மணி நேரம்னா, கடியாரம் பாத்தா?"

"ஆமா, அங்கிள்."

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் நிற்பது தெரிந்தே இருந்திருக்கிறது. "லிடியாவ வரச் சொல்லு."

கடையிலிருந்து அப்படியே வந்தாள், மருந்துச் சீட்டு கையோடு. அப்பா அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏளா, ஒம்பதாம் நாளா?"

"ஆமா மாமா."

"எனக்கு நாப்பது."

அவ்வளவுதான் பேச்சு. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். பத்து ஐம்பது. நானும் உட்கார்ந்தேன். ஹன்னா தன் பலகையில். நாலு பேர், கண்ணாடி மேல் பச்சைச் சேலை. லிடியா முதலில் அழுதாள். பிறகு நான், மூன்று வருஷத்து அழுகை, அடங்க மறுத்தது. அப்பா அழவில்லை. இரண்டு கையையும் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு இருந்தார், படகு ஆடுகிற மாதிரி. பதினொன்று ஐம்பது ஆனதும் ஹன்னா மெதுவாக அந்த வரியைச் சொன்னாள். வானத்திலிருந்து உங்களுக்கு ஆறுதல் வரட்டும்.

ஒரு மணி நேரம். ஏன் ஒரு மணி நேரம், ஏன் இரண்டு இல்லை? முடிவு உண்டு என்று தெரிந்ததால்தான் அப்பாவால் உட்காரவே முடிந்தது என்று தோன்றுகிறது.

லிடியா எங்களோடு சாப்பிட்டாள். விளமீன் குழம்பு.

நவம்பர் 29, சனி

ரோடு திறந்துவிட்டது. காலை எட்டு மணிக்கு ஹன்னாவின் ஆபீஸ் கார், மதுரையில் விமானம் ஏற்றிவிட. நிர்வாகத்திலிருந்து ஒருவர், இஸ்திரி மடிப்போடு.

ஹன்னா கிழியாத வெள்ளை உடுப்பில், நாற்காலியில். சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வுநாள்; அது ஏழு நாள் கணக்கில் சேருமாம், ஆனால் அன்றைக்கு வெளியே தெரியும்படி துக்கம் கூடாது. பயணமும் கூடாது.

"வண்டில சும்மா உக்காந்துதான மேடம் வரணும்?"
"நாளைக்கு வரேன் சார்."
"உங்க ஃபாதர் மேடம்..."
"எங்க அப்பாதான் சார் இதைச் சொல்லிக்கொடுத்தாங்க."

அவர் என்னைப் பார்த்தார், நான் சுவரைப் பார்த்தேன். கார் திரும்பிப் போயிற்று. அவள் அம்மா ஒரு விமான தூரத்தில் அழுதுகொண்டிருக்கிறாள், வாசலில் வண்டி, இவள் போகவில்லை. கல் நெஞ்சு என்று நேற்றுக்கு முன்தினம் வரை சொல்லியிருப்பேன். கார் போன பிறகு அவள் நாற்காலியின் கைகளை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தாள் என்று பார்த்தேன். இன்று அவள் அழவும் கூடாது.

தாள் பாக்கி பதினொன்று.

நவம்பர் 30, ஞாயிறு

நல்ல வெயில். தெரு முழுக்கச் சேறு, காயப்போட்ட பாய்கள்.

ஏழாம் நாள் முழுசாக இருக்க வேண்டாம். காலையில் கொஞ்ச நேரம் இருந்தாலே முழு நாள் கணக்கு. யாராவது 'எழுந்திரு' என்று சொல்ல வேண்டுமாம். அப்பாவைச் சொல்லச் சொன்னாள்.

"எந்திரி தாயி," என்றார். இரண்டாம் தரமும் சொன்னார்.

எழுந்தாள். வீட்டை விட்டு இறங்கித் தெருவைச் சுற்றி நடக்க வேண்டும். உலகத்துக்குத் திரும்புகிற நடை. புதன்கிழமை வந்த ஐந்து பேரும் கேட்காமலே கூட நடந்தார்கள். "இங்கன பள்ளம், பாத்து வா." ஒன்பது மணிக்குக் கார் ஏறினாள். முப்பதாம் நாள் வரை அம்மாவோடு. ஒரு வருஷம் பாட்டுக் கச்சேரி, கல்யாண விருந்து கிடையாது.

பிறகு நாங்கள் மூவரும் கோயிலுக்கு. கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலத்து முதல் ஞாயிறு, ஊதா மெழுகுதிரி. பூசை முடிந்து அப்பா நேரே பங்கு அலுவலகத்துக்கு நடந்தார். லிடியாவும் நானும் பின்னால்.

"எம் மவனுக்குப் பூசை வைக்கணும் சாமி."

சாமி பதிவேட்டைத் திறந்தார். பேர் எழுதினார். வயசு எழுதினார். "இறந்த நாள்?"

கடலில் இறங்கிய நாள் ஒன்று உண்டு, லிடியாவின் ஒன்பதாம் நாள், அப்பாவின் நாற்பது. என் மூன்று யாருக்கும் தெரியாது. லிடியா அப்பா முகத்தைப் பார்த்து, "மாமா சொல்லட்டும்" என்றாள்.

"அவ பொண்டாட்டி, சாமி," என்றார் அப்பா. "அவ சொல்லுத நாளே எழுதுங்க."

லிடியா ஒன்பதாம் நாளின் தேதியைச் சொன்னாள். சாமி எழுதினார்.

பூசை நாளைக் காலை ஆறு மணிக்கு. லிடியா இங்கேயே தங்குகிறாள், வெள்ளைச் சேலை என்னுடையதில் ஒன்று தேய்த்து வைக்க வேண்டும். தண்ணீர் லாரி ஹாரன். குடத்தோடு போகிறேன்.